பூஜை போட்ட லத்தி

அத்தியாயம் 9

"முதுகுக்கு யாராவது பொட்டு வெப்பாங்களா சம்பங்கி?" என்று கேட்டார் லவினா மேடம்.

நெற்றிப் பொட்டையே கவனிக்காதவன் என்று வீட்டில் இருபது வருஷமாகத் திட்டு வாங்குகிறவன் நான். முதுகுப் பொட்டைப் பற்றி என்னிடம் கேட்டால்? மேஜையை எட்டிப் பார்த்தேன்.

விரித்துப் போட்ட ஒரு வெள்ளைச் சட்டை. சுனிலுடையது. அவன் ஜாமீனில் வந்தபோது ஜெயிலில் கொடுத்த மூட்டைக்குள் இருந்ததாம். பிரிக்க மனசு வராமல் அவன் அம்மா பார்வதம்மா இத்தனை நாளாக அந்த மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். இன்றைக்குக் காலையில்தான் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டையின் முதுகில் காய்ந்துபோன மஞ்சள் திட்டுகள். ஒவ்வொரு திட்டின் நடுவிலும் சிவப்பு. மூன்று மூன்றாகச் சாய்வான வரிசை. அதன் மேல் இன்னொரு வரிசை, குறுக்கே இன்னொன்று. எல்லா வரிசையிலும் திட்டுக்குத் திட்டு ஒரே இடைவெளி.

"சந்தனம், குங்குமம்," என்றேன். "சாமி வந்து முதுகுல ஏறிடுச்சா மேடம்?"

"சாமி இல்ல. லத்தி."

பார்வதம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். சுனிலுக்கு வயது இருபத்திநாலு. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வெல்டர், வேலை நிரந்தரமாகிற நேரம். ஒருநாள் வண்டி சோதனையில் நிறுத்தப்பட்டு நின்றான். அந்தப் பக்கமாக பழைய டிப்போ போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பரத், தலையில் தொப்பிகூட இல்லாமல் புல்லட்டில் வந்து இறங்கினார். "சார், உங்க ஹெல்மெட் எங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். நாலு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

அதன் பிறகு நடந்தது என்று சுனில் சொல்வது இது: ஆயுத பூஜை அன்று மத்தியானம் வீட்டு வாசலில் வைத்துத் தூக்கினார்கள். லாக்கப்பில் உட்கார வைத்தார்கள். பூஜை முடிந்ததும் பொரி கடலை கொடுத்தார்கள். தின்று முடித்ததும் அடித்தார்கள். வலது மணிக்கட்டு உடைந்தது.

இன்ஸ்பெக்டர் பரத் எழுதியது இது: மறுநாள் விடியற்காலை நந்திதுர்க் பக்கம் மூடிக்கிடக்கிற தங்கச் சுரங்கத்தில் தாமிரக் கேபிள் திருடிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்த சுனில், கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அப்போதுதான் கைது. முந்தின நாள் அவன் ஸ்டேஷன் பக்கமே வரவில்லை. ஸ்டேஷன் கேமரா பதிவா? ஐயோ பாவம், பூஜைக்குப் பத்து நாள் முன்னாலேயே மெஷின் செத்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷன் கேமராவுக்கு மட்டும் ஒரு வியாதி உண்டு. எவனையாவது அடிக்கிற அன்றைக்கு அதற்குக் கண் தெரியாது. டாக்டர்கள் யாரும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

லவினா மேடத்துக்கு இந்த வியாதியெல்லாம் அத்துப்படி. இருபது வருஷம் போலீஸ் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தவர். எத்தனையோ பொய் வாக்குமூலங்களைப் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தவர். ஒருநாள் அடித்துக்கொண்டிருந்த காகிதத்தை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் நிக்கோல் அக்காவின் பேக்கரிக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான் எங்கள் துப்பறியும் நிலையம். காலையில் பன் வாசனை, சாயங்காலம் பப்ஸ் வாசனை. இரண்டுக்கும் நடுவில் ஊர்க்காரர்களின் கண்ணீர்.

"அன்னிக்கே சொன்னான்மா எம் புள்ள, பொரி குடுத்துட்டு அடிச்சாங்கன்னு," என்றார் பார்வதம்மா. "ஒருத்தரும் நம்பல. அந்த ஆளு சிரிக்கிறான். பொரி துன்னா எலும்பு ஒடையுமான்னு எங்கிட்டயே கேக்கறான்."

"நான் நம்பறேன்மா," என்றார் மேடம். "ஆயுத பூஜைக்கு ஸ்டேஷன்ல லத்திக்கும் பொட்டு வெப்பாங்க. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு. அது ஈரமா இருக்கும்போதே எடுத்து அடிச்சிருக்கானுங்க. மறுநாள்னா காஞ்சி உதிர்ந்திருக்கும். இப்படி அச்சு விழுந்திருக்காது."

"பூஜை போட்ட ஆயுதத்த அன்னிக்கு எடுக்கக் கூடாதும்பாங்களே?" என்றேன்.

"சட்டத்துக்கே பயப்படாதவனுங்க. சாமிக்கா பயப்படப் போறானுங்க?"

நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோலாரில் விசாரணை. போலீஸ்காரர்கள் மீது வருகிற புகார்களைக் கேட்கிற ஆணையத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் முன்னால். ஆதாரம் இல்லையென்றால் புகாரை மூடிவிடுவார்கள். அப்புறம் திருட்டு கேஸ் நிற்கும், பேக்டரி கேட் சுனிலுக்குத் திறக்காது, பரத் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடுவார்.

தேதியைச் சரிபார்க்க எங்கள் ஆபீஸில் காலண்டர் கிடையாது. அதாவது ஒன்று இருக்கிறது, ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. புத்தாண்டுக்கு பழைய டிப்போ ஸ்டேஷனிலிருந்து பஜார் முழுக்கக் கொடுத்தார்கள். மேலே பரத்தின் மீசை, கீழே பன்னிரண்டு மாதம். மேடம் அதைக் கையால்கூடத் தொடவில்லை. நான்தான் திருப்பி மாட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் காஸ் சிலிண்டர் வந்த தேதி, தண்ணீர் வண்டி வந்த தேதி எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மூஞ்சிக்கு அதுவே பெரிய மரியாதை.

"இந்தச் சட்டை பத்தாதா மேடம்?"

"பத்தாது. அவங்களே வீட்ல சந்தனத்தத் தடவிகினு வந்துட்டாங்கன்னு சொல்லிடுவான். லத்திக்குப் பொட்டு வெச்சதுக்கு போட்டோ வேணும். என் டைப்ரைட்டருக்கே மாலை போட்டு, சுத்தி நின்னு போட்டோ எடுத்தவங்க இவங்க. ஆயுத பூஜைக்கு போட்டோ எடுக்காத ஸ்டேஷன் இந்த ஜில்லாவுலயே கெடையாது. வண்டிய எடு."

*

பழைய டிப்போ ஸ்டேஷனுக்கு எதிரே ஜாய் ஸ்டூடியோ. ஜாய் ஒரு பெரியவருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார்.

"எடுத்தேன் மேடம். வருசா வருசம் நான்தான் எடுக்கறேன். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல கூப்ட்டாங்க. இன்ஸ்பெக்டர் நடுவுல சேர்ல. முன்னால லத்தி, துப்பாக்கி, வயர்லெஸ்ஸு எல்லாம் வரிசையா. பக்கத்துல டிவி."

"எந்த டிவி?"

"கேமராவெல்லாம் தெரியுமே, அந்தப் பெரிய டிவி. அதுக்கும் பொட்டு வெச்சி, ஓரத்துல மால போட்டு, முன்னால பூசணிக்கா வெச்சிருந்தாங்க. அந்த வெளிச்சம் எனக்கு எடஞ்சலா இருந்துச்சி. ஆஃப் பண்ணுங்க சார்ன்னேன். இன்ஸ்பெக்டர் வேணாம்னுட்டாரு. ஓடற மெஷின நிறுத்திட்டு பூஜ போட்டா வெளங்காதாம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். பத்து நாள் முன்னால் செத்துப்போன மெஷின் ஆயுத பூஜை அன்றைக்கு உட்கார்ந்து சூடம் வாங்கியிருக்கிறது.

"அந்த போட்டோ குடுங்க ஜாய்."

"இல்லியே மேடம். கார்டுல எடம் இல்லன்னு அழிச்சிட்டேன். பெருசா ஒரு ஃப்ரேம் போட்டுக் குடுத்தேன், அவரு சேருக்குப் பின்னால மாட்டிகீது. ஸ்டேஷன்ல எழுதற ரைட்டர் வந்து பென்டிரைவ்லயும் ஒண்ணு வாங்கிகினு போனாரு."

"ஃப்ரேம் நீங்களே போட்டுட்டீங்க. அப்புறம் பென்டிரைவ் எதுக்கு?"

"போலீஸ்காரங்க கேட்டா குடுத்துடறதுதான் மேடம். எதுக்குன்னு கேக்கற பழக்கம் எனக்கு இல்ல."

"நாளைக்குக் கோலாருக்கு வந்து இத்தச் சொல்வீங்களா?"

ஜாய் கண்ணாடிக் கதவு வழியாக எதிரே பார்த்தார். ஸ்டேஷன் வாசலில் ஒரு கான்ஸ்டபிள் பல் குத்திக்கொண்டிருந்தான். "கடை அவங்க வாசல்ல கீது மேடம். ரெண்டு பொண்ணுங்க கீறாங்க எனக்கு. என்ன விட்டுடுங்க."

அவரைக் குறை சொல்லி என்ன பண்ணுவது? இந்த ஊரில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் கூண்டில் இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். பூமிக்கு அடியில் வராத பயம் ஸ்டேஷன் வாசலில் வருகிறது.

வெளியே வந்ததும் மேடம் திட்டம் சொன்னார். நாளைக்குக் கொடுக்கப் போகிற காகிதங்களின் நகலை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து சீல் வாங்க வேண்டும். அவர் சீல் போடுகிற நேரத்தில் நான் போனைக் காதில் வைக்கிற மாதிரி தூக்கி, அந்த ஃப்ரேமைப் படம் எடுத்துவிட வேண்டும்.

"ஒரே ஒரு விஷயம் சம்பங்கி. உள்ள போனா வாயத் தொறக்காத."

"சத்தியமா மேடம்."

*

"ஏன் பேக்கும்மா?" என்று கன்னடத்தில் கேட்டார் பரத், மேஜையிலிருந்து காலை எடுக்காமலே. 'என்னம்மா வேணும்?' என்று அர்த்தம். மரியாதை 'ம்மா'வில் மட்டும் இருந்தது. பிறகு தமிழுக்கு வந்தார். "டைப் அடிச்சுகினு இருந்த மேடம் டிடெக்டிவ் ஆயிட்டீங்களா? நல்லது, நல்லது. வேலய விட்டா பொழுது போகணுமில்ல?"

அவர் தலைக்கு மேலே ஃப்ரேம் தொங்கியது. அத்தனை பெரிய போட்டோ. நடுவில் சேரில் அவர், இரண்டு பக்கமும் தொந்திகள், முன்னால் பொட்டு வைத்த லத்திகள். வலது ஓரத்தில் மாலை போட்ட டிவி. திரையில் ஏதோ கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அதற்கு மேல் தெரியவில்லை.

மேடம் காகிதங்களை நீட்டினார். "ஒரு சீல் போட்டுக் குடுங்க சார்."

பரத் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "கேமரா பதிவு வேணும், கேமரா பதிவு வேணும்னு பத்து தடவ எழுதியிருக்கீங்க. மெஷின் செத்துப்போச்சும்மா. செத்துப்போனதுக்கு நான் இன்னா பண்றது?"

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுத் திறப்பதில்லை.

"அதான் சார் மால போட்டு வெச்சிகீறீங்களா?"

சொன்ன பிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது. பரத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. என் கண் போன இடத்தைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி அண்ணாந்து ஃப்ரேமைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேரைத் தள்ளிவிட்டு எழுந்து, மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பின்கழுத்து வியர்த்தது.

"சரத்!" என்று கத்தினார். வாசலில் பல் குத்திக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் ஓடி வந்தான். "இந்த போட்டோ தூசி புடிச்சிருக்கு. எடுத்து உள்ள வை. ஜீப்ப எடு." எங்கள் காகிதத்தில் சீலை ஓங்கிக் குத்தி எறிந்தார். "ஹோகி, ஹோகி. போங்க."

அரை நிமிஷத்தில் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது.

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஒரு ஜோக்குக்காக ஒரு பையனின் வாழ்க்கையைத் தூக்கிப் போட்டுவிட்டேனே! சர்ச் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "என்ன செருப்பால அடிங்க மேடம்," என்றேன்.

"அப்புறம் அடிக்கறேன். இப்போ யோசிக்க விடு. பென்டிரைவ் எதுக்கு வாங்கினான்?"

நாங்கள் பஜாருக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பேக்கரி வாசலில் நிக்கோல் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா சம்பங்கி இது அநியாயம்? குடுத்தவனே வந்து புடுங்கிகினு போறான்! பால்காரன் கணக்கெல்லாம் அதுலதான் குறிச்சி வெச்சிருந்தேன். பிரின்ட் தப்பாயிடுச்சாம், வேற தராங்களாம்."

"எத்தக்கா புடுங்கினான்?"

"காலண்டரதான்! அந்த இன்ஸ்பெக்டர் காலண்டர். ஜீப்ல வந்து கடை கடையா கழட்டிகினு போறானுங்க பாரு."

மேடம் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். ஒரு நொடிதான். அடுத்த நொடி இரண்டு இரண்டு படியாக மேலே ஏறினார். அறுபது வயதை நெருங்குகிறவர். நான் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன்.

நாங்கள் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துவதற்குள் பின்னாலேயே கான்ஸ்டபிள் சரத் வந்துவிட்டான். கக்கத்தில் முப்பது காலண்டராவது சுருட்டி வைத்திருந்தான்.

"மேடம், ஸ்டேஷன் காலண்டர் குடுத்தோமே, அது எங்க?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார். மிதித்த காலை எடுக்கவே இல்லை.

"எந்தக் காலண்டர்? அந்த மூஞ்சி போட்டதா? அத்த எவன்பா மாட்டுவான்? வந்த அன்னிக்கே சம்பங்கி அத்தக் கிழிச்சி வண்டி தொடைச்சிட்டான்."

சரத் அறையைச் சுற்றிப் பார்த்தான். அலமாரி, மேஜை, பார்வதம்மா விட்டுப்போன மூட்டை. சுவரைப் பார்த்தான். வெள்ளைத் தாளில் என் கோழிக் கிறுக்கல்: காஸ் 4ஆம் தேதி, தண்ணி வண்டி 7, தண்ணி வண்டி 13 வரல. அதையும் இரண்டு விநாடி படித்தான். பிறகு மேடத்தைப் பார்த்து, லேசாகச் சிரித்தே விட்டான். அந்த மூஞ்சியால் வண்டி துடைத்திருப்பார்கள் என்பதை நம்ப அவனுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. "சரி மேடம்," என்று இறங்கிப் போனான்.

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்கிற வரைக்கும் மேடம் என் காலை விடவில்லை.

"காலண்டர் அடிக்கற பிரஸ்ஸுக்குக் குடுக்கறதுக்குத்தான் பென்டிரைவ். திருப்புடா அத்த!"

திருப்பினேன். அதே போட்டோ. ஃப்ரேமில் பாதி அளவுதான், ஆனால் பளபளவென்று நல்ல பிரின்ட். விளம்பரம் என்றால் மட்டும் இவர்கள் குறை வைப்பதில்லை. பதினைந்து நாளாக எங்கள் சுவரில் இது இருந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நாங்கள் இதைப் பார்க்கவில்லை. பார்க்காத அந்தக் காரணத்தால்தான் இப்போது பஜாரிலேயே எங்களிடம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். டிவி திரையில் நான்கு கட்டங்கள். வாசல், ரைட்டர் மேஜை, காம்பவுண்ட், லாக்கப். மேல் ஓரத்தில் ஆயுத பூஜை தேதி, மாலை ஐந்து நாற்பத்திரண்டு. லாக்கப் கட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் காகிதப் பொட்டலம். வலது கை நிறையப் பொரியை அள்ளி வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"அடப்பாவிங்களா," என்றேன்.

*

மறுநாள் கோலாரில் பரத் புது யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேபிள் திருட்டு, சுவர் குதிப்பு, செத்த மெஷின் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பெஞ்சில் சுனில் உட்கார்ந்திருந்தான். கோணலாக ஒட்டிக்கொண்ட வலது மணிக்கட்டை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டிருந்தான். பார்வதம்மா அவன் தோளை விடவில்லை.

நீதிபதி மேடத்தைப் பார்த்தார். மேடம் எழுந்தார்.

"ஒரே கேள்விதான் சார். இன்ஸ்பெக்டர் இந்த வருஷம் காலண்டர் அடிச்சி பஜாருக்குக் குடுத்தாரா?"

பரத் மீசையைத் தடவினார். பஜாரில் எல்லாக் காலண்டரையும் அள்ளி வந்துவிட்ட தைரியம். "காலண்டரா? அப்படி எதுவும் நாங்க அடிக்கலியே."

நான் சுருளைப் பிரித்து நீதிபதியின் மேஜையில் விரித்தேன். படத்துக்குக் கீழே தங்க நிற எழுத்தில் அவர் பெயர், பதவி, ஸ்டேஷன், 'இனிய புத்தாண்டு வாழ்த்துகள்'. நீதிபதி முதலில் பின்பக்கத்தைப் புரட்டி, "இது என்ன, காஸ் நான்காம் தேதி?" என்றார்.

"அது எங்களுது சார். முன்பக்கம்தான் அவருது," என்றேன். மேடம் இந்தத் தடவை மிதிக்கவில்லை.

பூதக்கண்ணாடியை நீதிபதி வெகுநேரம் அந்த ஓரத்திலேயே வைத்திருந்தார். பரத் ஓரடி முன்னால் வந்தார். "சார், ரிப்பேர் ஆன மெஷினுக்கும் பூஜை போடறது எங்க வழக்கம்," என்றார்.

"ரிப்பேர் ஆன மெஷின்ல இந்தப் பையன் எப்படிப்பா தெரியறான்? மறுநாள் காலையிலதானே புடிச்சேன்னு சொன்னே?"

புல்லட்டில் வந்து இறங்கிய அந்த ஆள் இப்போது தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். பார்க்கவே கேவலமாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்?

இன்ஸ்பெக்டர் மீது வழக்குப் பதிவு செய்து கைது செய்யவும், கேமரா பெட்டியை அன்றைக்கே கைப்பற்றவும், திருட்டு கேஸை வேறு அதிகாரி விசாரிக்கவும் சிபாரிசு என்று நீதிபதி எழுதச் சொன்னார். குமாஸ்தா காலண்டரைச் சுருட்டப் போனபோது பார்வதம்மா எழுந்து மேஜைக்கு வந்தார்.

"ஒரு தடவ பாத்துக்கறேங்க."

குனிந்து பார்த்தார். விரலை அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் வைத்தார்.

"சோத்துக் கையால துன்றான் சார் எம் புள்ள. இப்பல்லாம் நான்தான் ஊட்டறேன். இவன் கை நல்லா இருந்த கடைசிப் படம் இது. எனக்குக் குடுத்துடறீங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இது சாட்சிம்மா. கேஸ் முடியற வரைக்கும் உள்ளதான் இருக்கணும்."

பார்வதம்மா தலையாட்டினார். பிறகு திரும்பி, மூன்று மாதத்தில் முதல் தடவையாக பரத்தின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார். எம் புள்ள படம் உள்ள இருக்கற வரைக்கும், இந்த ஆளும் உள்ளயே இருக்கட்டும்."